உன் அக்காவின் கோப்பு தூங்குகிறது

மருத்துவமனை வருவாய்ப் பிரிவுத் தலைமை மேலாளர் அவர்களின் மேலான கவனத்திற்கு, இரண்டாம் மாடி ஜன்னலோர அறையிலிருந்து தங்கள் மூத்த சகோதரியின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது.

இங்கு எல்லோரும் நலம். நலமாகிவிட்டதுதான் இங்கே சிக்கல். அதைப் பற்றியே இந்தக் கடிதம். தங்கள் நலத்தையும், தங்கள் துணைவியார், பிள்ளைகள் நலத்தையும் அறிய ஆவல். தாங்கள் ஆறாம் மாடியில் இருக்கிறீர்கள், நான் இரண்டாம் மாடியில் இருக்கிறேன், நடுவில் லிஃப்ட் ஒன்று மேலும் கீழுமாகப் போய் வந்துகொண்டுதான் இருக்கிறது. அதில் ஏறி வந்து நேரில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று தாங்கள் கேட்கலாம். உன் அக்காவை இங்கே சேர்க்க வந்த அன்று, "தம்பி இங்க பெரிய பொறுப்புல இருக்கான், ஒரு வார்த்தை சொல்லிடலாமா?" என்று அவள் கேட்டாள். சிபாரிசு என்ற பேச்சே நம் குடும்பத்தில் கூடாது என்று வாசலில் நின்றுகொண்டு, காவலாளிக்கும் கேட்கும்படி சொன்னவன் நான். சொன்னதை மாற்றிக்கொள்ளும் பழக்கம் எனக்கு இல்லை என்பது தங்களுக்குத் தெரியும். நேரில் வந்தால் சிபாரிசு; எழுத்தில் வந்தால் அது புகார். புகார் சொல்ல யாருக்கும் உரிமை உண்டு. மேலும், தங்கள் அறைக்குத் தொலைபேசியில் அழைக்கும்போதெல்லாம் தாங்கள் கூட்டத்தில் இருப்பதாகச் சொல்கிறார்கள். எதைப் பற்றிய கூட்டம் என்று கேட்டேன். நோயாளிகளின் பில்லைச் சீக்கிரம் முடித்து அனுப்புவது எப்படி என்பதைப் பற்றியாம். அந்தக் கூட்டம் இன்னும் முடியவில்லையாம்.

உன் அக்காவுக்குப் பித்தப்பையில் கல். அதை எடுத்துவிட்டார்கள். அந்த வேலையில் குறை சொல்ல ஒன்றும் இல்லை. கல்லை ஒரு சிறிய புட்டியில் போட்டு என்னிடமே காட்டினார்கள், நானும் பார்த்துத் திருப்திப்பட்டேன். மறுநாள் காலை மருத்துவர் வந்து, காயத்தைப் பார்த்து, "நீங்க வீட்டுக்குப் போகலாம்மா" என்றார். நான் உடனே பையைக் கட்டினேன். கட்டிய பை நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. மதியம் துண்டு வேண்டும் என்று பையைத் திறந்தோம். மாலையில் மூக்குக்கண்ணாடி வெளியே வந்தது. பிறகு சீப்பு, பிறகு போர்வை. இப்போது பை காலியாகித் தரையில் மடிந்து கிடக்கிறது. சாமான்களெல்லாம் மேசைமேல் குடியேறிவிட்டன. காரணம் கேட்டால் பில் முடியவில்லை என்கிறார்கள். உடம்பு வேலை முடிந்துவிட்டது, பில் வேலை முடியவில்லை. கல்லை எடுக்க ஆன நேரம் ஒரு காப்பி ஆறும் நேரம்தான். எடுத்தோம் என்று எழுதி முடிக்க எத்தனை பகல் வேண்டும் என்று நான் கேட்கிறேன்.

இதற்கிடையில் உன் அக்கா தூங்கிக்கொண்டிருக்கிறாள். ஜன்னல் திரை மூச்சு விடுவதுபோல மெல்ல உப்பி, மெல்ல அடங்குகிறது. வெளியே இருக்கும் மரத்தின் நிழல் அவளுடைய போர்வைமேல் வந்து அசைகிறது. கன்னத்துக்கு அடியில் கையை வைத்துக்கொண்டு, வாய் கொஞ்சம் திறந்தபடி, பட்டப்பகலில் தூங்குகிறாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் பகலில் தூங்கி நான் பார்த்ததில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லையோ என்று செவிலியரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"மருந்தெல்லாம் எப்பவோ இறங்கிடுச்சு ஐயா. அம்மா சும்மா தூங்குறாங்க."

"சும்மா எப்படிம்மா தூங்குவாங்க?"

"தூக்கம் வந்தா தூங்குவாங்க" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் போய்விட்டாள். இதுவும் குறித்துக்கொள்ள வேண்டிய பதில்தான்.

வீட்டு நிலைமையையும் சொல்லிவிடுகிறேன். காலையில் போய்க் கதவைத் திறந்தால் என் செருப்புச் சத்தம் எனக்கே கேட்கிறது. சமையலறையில் ஒரே மாதிரி டப்பாக்கள் வரிசையாக நிற்கின்றன; எதில் உப்பு, எதில் சர்க்கரை என்று ஒன்றிலும் எழுதவில்லை. எல்லாம் அவள் கைக்குத்தான் தெரியுமாம். நேற்று நான் போட்ட தேநீரை நானே குடிக்கவில்லை. ஆகவே உன் அக்காவை வீட்டுக்கு அழைத்துப் போக வேண்டும். இதுதான் என் கோரிக்கை. இதற்குமேல் எழுதுவதெல்லாம் விளக்கம்.

கோளாறு எங்கே தொடங்கியது என்றால், பதிவு மேசையில். லாரி நிறுவனத்தின் பார்சல் மேசையில் வாழ்நாளெல்லாம் உட்கார்ந்தவன் நான். பள்ளிக்கூடம் அதிகம் பார்த்ததில்லை. பார்சலைச் சுற்றி வந்த பழைய தாள்களைப் பிரித்துப் படித்தே எழுத்தும் கணக்கும் கற்றவன். சாமான் உள்ளே வரும்போதே விவரத்தைச் சரியாக எழுதிவிட்டால், வெளியே போகும்போது தகராறு வராது என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் உங்கள் பதிவு மேசைப் பெண் உன் அக்காவின் காப்பீட்டு அட்டையைப் பார்த்துப் பிறந்த தேதியை அடித்தபோது நான் நிறுத்தினேன். அது பொய்த் தேதி. பள்ளியில் சீக்கிரம் சேர்ப்பதற்காக உங்கள் அப்பா ஒரு வயதைக் கூட்டிச் சொன்ன தேதி. இது உனக்கும் தெரியும்.

"அட்டையில இருக்கிறதைத்தான் ஐயா போடணும்" என்றாள் அந்தப் பெண்.

"அட்டை பெருசா, பிறந்தது பெருசா?"

"எங்களுக்கு அட்டைதான் பெருசு."

"எனக்கு உண்மைதான் பெருசு. நான் சொல்ற தேதியைப் போடும்மா."

பின்னால் வரிசை நீண்டுகொண்டே போனது. உன் அக்கா வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "ரெண்டுல எது சின்ன வயசோ அதைப் போட்டுத் தொலைங்க" என்றாள். உண்மைதான் சின்னதாகவும் இருந்தது; உண்மையே போடப்பட்டது. காப்பீட்டு நிறுவனம் அதைப் பார்த்து, இந்தத் தேதியில் பிறந்த அம்மாள் யாரும் எங்களிடம் இல்லை என்று கோப்பைத் திருப்பி அனுப்பிவிட்டது. உண்மையைச் சொன்னதற்காக ஒரு கோப்பு திரும்பி வருவது இந்த உலகத்தில் இங்கேதான் நடக்கும். இதற்கு நான் எப்படிப் பொறுப்பாவேன். அந்த மேசையிலேயே, உள்ளே வரும்போதே, அட்டையைக் காப்பீட்டு நிறுவனத்திடம் காட்டிச் சரிபார்த்திருந்தால் இப்படி ஆகியிருக்காது. அப்போதும் நான் உண்மையைத்தான் சொல்லியிருப்பேன் என்பது வேறு விஷயம்.

சரி, கோப்பு எங்கேதான் இருக்கிறது என்று தேடிப் போனேன். தரைத்தளத்தில் உங்கள் பில் கூடம் இருக்கிறதே, தாங்கள் அங்கே இறங்கி வந்து எவ்வளவு நாளாயிற்று என்று தெரியவில்லை. ஜன்னல் கண்ணாடியெல்லாம் நீலம். உள்ளே நுழைந்தால் குளத்துக்கு அடியில் நுழைந்த மாதிரி இருக்கிறது. மனிதர்கள் நீல முகத்தோடு உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கிருந்தோ ஒரு பெண் குரல் டோக்கன் எண்ணைச் சொல்கிறது, யாரும் எழுந்திருப்பதில்லை, குரலும் அதற்காக வருத்தப்படுவதில்லை. சுவரில் நீ மாட்டிவைத்திருக்கும் பெரிய படம். வருவாய்ச் சுழற்சி என்று தலைப்பு. பதிவிலிருந்து ஓர் அம்பு சிகிச்சைக்குப் போகிறது, அங்கிருந்து பில்லுக்கு, பில்லிலிருந்து காப்பீட்டுக்கு, அங்கிருந்து வசூலுக்கு, வசூலிலிருந்து வளைந்து மறுபடியும் பதிவுக்கே வந்து சேர்கிறது. நான் வெகுநேரம் அதன் முன்னால் நின்று பார்த்தேன். மாப்பிள்ளை, அந்த வட்டத்தில் வீட்டுக்குப் போக ஓர் அம்புகூட இல்லை. வரைந்தவர் மறந்துவிட்டாரா, வேண்டுமென்றே விட்டுவிட்டாரா என்று கேட்டுச் சொல்லு.

பில் கூடத்துக் கண்காணிப்பாளரை அங்கே எல்லோரும் 'ஆயிடும்' என்றுதான் சொல்கிறார்கள். நல்ல மனிதர். எதைக் கேட்டாலும் ஒரே பதில்.

"என் மனைவி ஃபைல் என்னாச்சு?"

"ஆயிடும் ஐயா."

"எப்ப ஆகும்?"

"ஆயிட்டே இருக்கு ஐயா."

"எங்க ஆயிட்டிருக்கு?"

அவர் காற்றில் ஒரு பக்கம் கையைக் காட்டினார். அந்தப் பக்கம் போனேன். மருந்தகத்தில் உன் அக்காவின் கோப்பு, மீந்த மருந்தைத் திரும்ப வரவு வைப்பதற்காகப் படுத்திருந்தது. அங்கே அது எழுவதற்குள் நான் கால் வலித்து உட்கார்ந்துவிட்டேன். பிறகு தள்ளுவண்டிக்காரர் வந்து அதை ஏற்றிக்கொண்டு போனார். நானும் கூடவே நடந்தேன். அவருடைய வண்டியில் ஒரு சக்கரம் மட்டும் மெதுவாக முனகும். நீண்ட தாழ்வாரத்தில் அந்த முனகலைக் கேட்டுக்கொண்டே நடந்தால் காலுக்குக் கீழே தரை இருப்பதே மறந்துபோகிறது. கோப்பு ஆய்வகத்தில் கொஞ்சம் படுத்தது. அறுவைச் சிகிச்சைப் பிரிவில் ஒரு கையெழுத்துக்காக நன்றாகவே படுத்தது. மருத்துவர் தாம் செய்ததைச் செய்தோம் என்று எழுத மாலைவரை நேரம் கிடைக்கவில்லையாம். பிறகு கூடத்துக்கு வந்து மேசைமேல் படுத்தது. நான் நாற்காலியில் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். எப்போது கண் மூடியது என்று தெரியவில்லை. பார்த்தால் ஒரு பெரிய வார்டு. வரிசையாகக் கட்டில்கள். ஒவ்வொரு கட்டிலிலும் ஒரு கோப்பு, கழுத்துவரை போர்த்திக்கொண்டு, கையில் ஊசி குத்தி, சொட்டுச் சொட்டாக மை ஏறிக்கொண்டிருக்கிறது. நோயாளிகளெல்லாம் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு கட்டிலோரம் நிற்கிறார்கள். "இப்ப எப்படி இருக்கு?" என்று ஒருவர் தம் கோப்பைக் கேட்கிறார். நீ வெள்ளைக் கோட்டோடு வந்து ஒவ்வொரு கோப்பின் நெற்றியிலும் கை வைத்துப் பார்த்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் தூங்கட்டும்" என்கிறாய். இதை நான் கனவு என்று சொல்லமாட்டேன். கண் மூடியிருந்தபோது பார்த்தது, அவ்வளவுதான்.

விழித்தபோது எனக்கு ஒரு விஷயம் பிடிபட்டது. புதிதாக வரும் கோப்பை மேசைக்காரர் அடுக்கின் மேலே வைக்கிறார். எடுக்கும்போதும் மேலேயிருந்தே எடுக்கிறார். அப்படியானால் முதலில் வந்தது அடியில் கிடந்து மடிய வேண்டியதுதானே. பார்சல் மேசையில் இப்படிச் செய்திருந்தால் எங்கள் முதலாளி என்னை லாரியில் ஏற்றி அனுப்பியிருப்பார். முதலில் வந்தது முதலில் போக வேண்டும். இது கொள்கை.

மதியச் சாப்பாட்டு நேரம். மேசைகள் காலி. டோக்கன் குரல் மட்டும் தனக்குத்தானே எண்ணிக்கொண்டிருந்தது. நான் எழுந்து மேசைப் பக்கம் போனேன். தள்ளுவண்டிக்காரர் சுவரில் சாய்ந்து நின்றிருந்தார்.

"ஐயா, என்ன செய்யப் போறீங்க?"

"அடுக்கைத் திருப்பப் போறேன்."

"அப்ப நான் இந்தப் பக்கம் திரும்பி நின்னுக்கறேன். கேட்டா, இந்தச் செவுரைப் பார்த்துட்டிருந்தேன்னு சொல்லிடுவேன்."

"நல்லாப் பாருங்க. எங்க விரிசல் இருக்குன்னு அதையும் குறிச்சுக்குங்க."

திருப்பிவிட்டேன். எல்லா அடுக்கையும், தலைகீழாக. சாப்பிட்டு வந்தவர்கள் ஒன்றையும் கவனிக்கவில்லை; மேலேயிருந்து எடுத்து வேலையைத் தொடங்கினார்கள். முதலில் வந்த கோப்பைப் பார்த்ததும் 'ஆயிடும்' மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடியும் போட்டுக்கொண்டார். பிறகு அந்தப் பெயரைச் சத்தமாகக் கூப்பிட்டார். கூடத்து மூலையில் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தவர் திரும்பிப் பார்த்தார். எல்லோரும் அவரை இந்த மருத்துவமனையின் தோட்டக்காரர் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். ஊழியர்களோடு அவருக்கும் தேநீர் வரும். போன தடவை சம்பள உயர்வு பற்றிக்கூட அவரிடம் கருத்துக் கேட்டார்களாம். விசாரித்தால், அவர் எப்போதோ குடலிறக்கத்துக்கு அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, கட்டிய முன்பணத்தில் மீதியைத் திரும்ப வாங்குவதற்காகத் தினமும் வந்து உட்கார்ந்தவர். உட்கார்ந்த இடத்தில் செடி வாடுகிறதே என்று ஒரு நாள் தண்ணீர் ஊற்றியிருக்கிறார். அது அப்படியே தொடர்ந்துவிட்டது.

"உங்க பணம் வந்துடுச்சுங்க. வாங்கிட்டுப் போகலாம்" என்றார் 'ஆயிடும்'.

"இப்பவேவா?"

"பின்னே எப்ப?"

"அந்த மூலையில இருக்கறது இப்பத்தான் சார் துளிர்க்குது." அவர் கூடத்தைச் சுற்றி ஒருமுறை பார்த்தார். "நாளையிலேருந்து நான் என்ன காரணம் சொல்லி வர்றது?"

'ஆயிடும்' பணத்தை எண்ணி அவர் கையில் கொடுத்தார். அவர் நீல வெளிச்சத்தில் மெல்ல நடந்து, கதவைத் தாண்டி, வெறும் வெயிலுக்குள் போனார். என் கொள்கைக்கு அது வெற்றிதான். ஆனாலும் எனக்கு என்னவோபோல் இருந்தது.

அப்போதுதான் 'ஆயிடும்' என் பக்கம் திரும்பி, "ஐயா, சாப்பிட்டு வந்ததும் முதல்ல உங்க ஃபைலைத்தான் எடுக்கறதா இருந்தேன். மேலதான் வச்சிருந்தேன். இப்ப எங்க போச்சுன்னு தெரியல" என்றார்.

"தேதித் தகராறு இருக்கே, அதை எப்படி எடுப்பீங்க?"

"அது காலையிலேயே சரியாயிடுச்சே. அம்மா அட்டைத் தேதியையே போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்பிட்டாங்க."

நான் மாடிக்குப் போனேன். உன் அக்கா விழித்திருந்தாள். என்னைக் கேட்காமல் எப்படிக் கையெழுத்துப் போட்டாய் என்று கேட்டேன். "பிறந்தவ நான்தானே" என்றாள். நான் கோப்பு அடியில் போன கதையைச் சொன்னேன். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்டாள். "அடியிலயா போயிடுச்சு?" என்றாள். ஆமாம் என்றேன். "அச்சச்சோ" என்றாள். சொல்லிவிட்டுப் புரண்டு படுத்துக்கொண்டாள். அவள் முகம் எனக்குத் தெரியவில்லை. தோள் மட்டும் கொஞ்ச நேரம் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

ஆகவே மாப்பிள்ளை, நிலைமை இதுதான். உன் அக்காவின் கோப்பு இப்போது எல்லாவற்றுக்கும் அடியில் தூங்குகிறது. அதை மட்டும் உருவி எடு என்று நான் கேட்கமாட்டேன், அது சிபாரிசு. அடுக்கை மறுபடியும் திருப்பவும் மாட்டேன். அது கொள்கைக்கு விரோதம். எனவே நீ இந்த மருத்துவமனை முழுவதையும் சரி செய்ய வேண்டும். பதிவு மேசையிலேயே காப்பீட்டை விசாரித்துத் தெரிந்துகொள்ளட்டும். பில்லைக் கடைசி நாளில் மொத்தமாகப் போடாமல் சேர்ந்த நாளிலிருந்தே அன்றன்றைக்கு எழுதி வரட்டும். மருத்துவர் கத்தியைக் கீழே வைத்த கையோடு பேனாவை எடுக்கட்டும். மீந்த மருந்தை வீட்டுக்குப் போகும் நாளுக்கு முந்தைய நாளே திருப்பிக் கொடுக்கட்டும். எந்த மேசையில் கோப்பு படுக்கிறதோ அந்த மேசைக்காரரும், அது எழுந்திருக்கும்வரை வார்டில் ஒரு கட்டிலில் படுத்துக் கஞ்சி குடிக்கட்டும். இந்த யோசனையை உன் கூட்டத்தில் யாரும் சொல்லியிருக்கமாட்டார்கள். அந்த நீலக் கண்ணாடியை மாற்று, ஆட்களுக்குத் தூக்கம் வருகிறது. படத்தில் ஓர் அம்பு சேர், வாசலைப் பார்த்து. இவ்வளவையும் நீ செய்துவிட்டால், உன் அக்காவின் கோப்பு யார் தயவும் இல்லாமல் தானாகவே மேலே மிதந்து வந்துவிடும். நான் காத்திருக்கிறேன். தாமதமானால் அடுத்த கடிதத்தை உன் தலைவருக்கே எழுதுவேன், அதில் நீ சின்ன வயதில் என் சைக்கிளை என்ன செய்தாய் என்பதும் இருக்கும்.

உன் துணைவியாருக்கு என் அன்பைச் சொல். பிள்ளைகள் படிப்பிலும் உடம்பிலும் நிறைவாக இருக்கட்டும். உன் மேசையில் கோப்புகளும் உன் வயிற்றில் கற்களும் சேராமல் நீ நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும் என்று, கோபம் சற்றும் குறையாமல், வாழ்த்தும்

உன் அத்தான்.

பின்குறிப்பு: மேலே உள்ளதை மடித்து உறையில் போடுவதற்குள் மருத்துவர் வந்துவிட்டுப் போனார். காயம் முழுக்க ஆறிவிட்டதாம். "வீட்டுக்குப் போனதும் நல்லா ஓய்வெடுங்கம்மா" என்றார். உன் அக்கா சிரித்தாள். செவிலியரும் சிரித்தாள். பிறகு மருத்துவரம்மாவும், என்னை ஒருதரம் பார்த்துவிட்டு, சிரித்தார். என்ன சிரிப்பு என்று கேட்டேன். ஒன்றுமில்லை என்றார்கள். அவர்கள் போனபின் நான் ஜன்னலோரம் வெகுநேரம் நின்றிருந்தேன். என்ன சிரிப்பு என்று எனக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததாக நான் காட்டிக்கொள்ளவில்லை.

மாப்பிள்ளை, நீ ஒன்றும் செய்யாதே. கோப்பு இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும். கூட்டத்தை நடத்திக்கொண்டிரு, நன்றாகவே நடத்துகிறாய். வேறு நோயாளிக்குக் கட்டில் வேண்டியிருந்தால் மட்டும் சொல், உடனே எழுப்பிவிடுகிறேன். இன்றிலிருந்து அறை வாடகையைக் காப்பீட்டில் ஏற்றாதே, என்னிடம் வாங்கிக்கொள். இதையும் சிபாரிசு என்று நீ சொன்னால், சொல்லிக்கொள்.

இப்போதுதான் அவள் கண் விழித்தாள். யாருக்கு எழுதுகிறீர்கள் என்றாள். உன் தம்பிக்கு, சீக்கிரம் வீட்டுக்கு அனுப்பச் சொல்லி எழுதுகிறேன் என்றேன். "நல்லா அழுத்திச் சொல்லுங்க" என்றாள். சொல்லிவிட்டுப் போர்வையை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் தூங்கிவிட்டாள். நான் அழுத்தித்தான் சொல்லியிருக்கிறேன். என்றைக்காவது அவள் கேட்டால், அழுத்திச் சொன்னதை மட்டும் காட்டு.